அறுத்து இணைத்த ஃபிரேம்

பெல்ட்டில் ஓடும் சைக்கிள் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், பெல்ட்டை விட்டுவிடுங்கள். பின்சக்கரத்தின் வலதுபக்கம், சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் மெல்லிய குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் அச்சுக்குச் சற்று மேலே அந்தக் குழாய் அறுக்கப்பட்டு, போல்ட் போட்டு மறுபடி இணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுகிறவரின் எடையைத் தாங்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே போட்ட வெட்டு அது. சைக்கிளின் வரலாற்றைப் படித்துக்கொண்டு போகும்போது என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்த வெட்டுதான்.

காரணம் எளிது. செயின் கண்ணிகளால் ஆனது. ஓர் ஊசியைத் தட்டி வெளியே தள்ளினால், அது இரண்டு முனையுள்ள கயிறு மாதிரி ஆகிவிடும். ஃபிரேமுக்குள் நுழைத்து மறுபடி கோத்துவிடலாம். பெல்ட்டுக்கு முனையே கிடையாது, செய்யும்போதே வளையமாகத்தான் வருகிறது. சைக்கிளின் பின்பகுதியோ குழாய்களால் மூடிய முக்கோணம். மூடிய வளையத்தை மூடிய முக்கோணத்துக்குள் கோக்க முடியாது. இரண்டில் ஒன்று திறந்தாக வேண்டும். செயின் இருந்தவரை, திறந்து கொடுத்தது செயின். பெல்ட் வந்தபிறகு ஃபிரேம் திறக்க வேண்டியதாயிற்று.

செயினுக்கும் முன்னால், வளைந்து கொடுத்தது மனித உடம்பு. 1870களின் பென்னி ஃபார்த்திங்கில் பெடல் முன்சக்கர அச்சிலேயே இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான். வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆனால் பெடல் எட்ட வேண்டுமே! அதனால் கால் எவ்வளவு நீளமோ அதற்கேற்ற சக்கரம்தான் கிடைக்கும். சட்டைக்கு அளவெடுப்பதுபோல சைக்கிளுக்கும் அளவெடுத்தார்கள். குட்டைக்கால்காரருக்கு வேகமும் குட்டை. நீளப் பாவாடை உடுத்திய பெண்களுக்கு அதில் கிட்டத்தட்ட இடமே இல்லை. ‘கஸ்டம்’ என்று இன்று விலை உயர்த்திச் சொல்கிறோமே, அது அன்றைக்கு வேறு வழியில்லாத நிலைமை.

சுவிட்சர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஹான்ஸ் ரெனால்ட் 1879இல் மான்செஸ்டர் பக்கம் சால்ஃபர்டில், நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறையை வாங்கினார். மறு ஆண்டே உருளைகள் பொருத்திய புதுவகைச் செயினைக் கண்டுபிடித்தார். 1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் செயின் பின்சக்கரத்தைச் சுழற்றியது. இனி வேகத்தைத் தீர்மானிப்பது கால் நீளம் அல்ல, முன்னும் பின்னும் உள்ள பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சக்கரம் போதும் என்றானது. பழையது முழுசாகப் போய்விடவில்லை. இன்றும் கியர்களை அங்குலத்தில் கணக்கிடும் வழக்கம் உண்டு. அந்த அங்குலம், இப்போது இல்லாத அந்தப் பெரிய முன்சக்கரத்தின் விட்டம்.

1888இல் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்தார். சைக்கிள் பெருகியது, ரப்பருக்குத் தேவை ஏறியது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். நம் முன்னோர்கள் பால்மரம் சீவக் கப்பலேறியதற்குப் பின்னால் கார் டயர் இருந்தது என்று சொல்வோம். கார் டயருக்கு முன்னால் சைக்கிள் டயர் இருந்தது.

எந்த ஊரிலும் ஒரே சாமான் பொருந்தும் என்பதன் பலத்தை மலாயா கசப்பாகத்தான் கற்றுக்கொண்டது. 1941 டிசம்பரில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, ஏறக்குறைய எழுபதே நாளில் சிங்கப்பூரைப் பிடித்தது. அதில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தவர்கள். போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயா முழுக்க விற்கப்பட்டிருந்ததால், போகிற வழியிலெல்லாம் உதிரிப்பாகம் கிடைத்தது என்று அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான ட்சுஜி மசனோபு பிறகு எழுதினார். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். கம்பத்து சைக்கிளின் பாகம் படைவீரனின் சைக்கிளுக்குப் பொருந்தியது. செயின் உருவாக்கிய பொதுத்தன்மைக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது.

அப்படியானால் பெல்ட் எங்கே போயிற்று? அது செயினைவிடப் பழசு. ஆலைகளில் தோல் பெல்ட்டுகள் ஓடின. தொடக்ககால ஹார்லி டேவிட்சனும் தோல் பெல்ட்டில்தான் ஓடியது. மழையில் நனைந்தால் வழுக்கும், அதுதான் தொல்லை. வழுக்காத பல்பெல்ட் வந்து, 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரின் எஞ்சினுக்குள் நுழைந்தது. 1980இல் ஹார்லியின் ஸ்டர்ஜிஸ் மாடல் மறுபடி பெல்ட்டுக்கே திரும்பியது.

மோட்டார் சைக்கிளை இழுக்கும் பெல்ட்டுக்கு மிதிவண்டி எம்மாத்திரம் என்று தோன்றும். விஷயம் அப்படியில்லை. வேகமாகச் சுற்றும் இடத்தில் பெல்ட்டுக்கு வேலை சுலபம். மனிதக் காலோ மெதுவாகச் சுற்றும், பலமாக மிதிக்கும். 80 கிலோ ஆள் மேட்டில் எழுந்து நின்று ஒற்றைப் பெடலை மிதித்தால், வழக்கமான அளவுப் பல்சக்கரத்தில் அவருடைய எடையைப்போல இரண்டு மடங்கு இழுப்பு விழும். அந்த நேரத்தில் ஃபிரேம் கொஞ்சம் நெளிந்தாலும் பெல்ட் ஒரு பல் தாவிவிடும். ஆக, பெல்ட்டுக்கு ஃபிரேம் வழக்கத்தைவிட விறைப்பாக இருக்க வேண்டும், அதே ஃபிரேமை வெட்டவும் வேண்டும்.

ஃபிரேம் ஒருவர், செயின் ஒருவர், கியர் இன்னொருவர் என்று பிரித்துச் செய்து பழகிய தொழிலுக்கு இது ஒத்துவரவில்லை. முழு வண்டியையும் ஒரே கையில் வைத்திருந்தவர்களால்தான் பெல்ட் பிழைத்தது என்பது என் கணிப்பு. ரப்பரும் செய்து சைக்கிளும் செய்த பிரிட்ஜ்ஸ்டோன், 1980களிலேயே ஜப்பானில் பெல்ட் சைக்கிள் விற்றது. 1987இல் வெளிவந்த மார்க் சாண்டர்ஸின் ஸ்ட்ரைடா மடக்கு சைக்கிள், பிரச்சினையையே வேறு விதமாகத் தீர்த்தது. அதன் சக்கரங்களை ஒரு பக்கம் மட்டுமே தாங்குகிறார்கள். மூடிய முக்கோணம் இல்லாததால் பெல்ட்டைப் பக்கவாட்டிலிருந்து மாட்டிவிடலாம்.

மூன்றாவது கை, அளவெடுத்து ஃபிரேம் கட்டும் சின்னப் பட்டறைகள். அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம் கார்பன் இழை வைத்த சைக்கிள் பெல்ட்டை 2000களின் பிற்பகுதியில் கொண்டுவந்தபோது, அதை ஆசையோடு எடுத்துக்கொண்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். குழாயை அறுத்து இணைப்பு வைப்பது, பற்றவைக்கும் கைக்குப் பெரிய வேலையில்லை. கஷ்டம் கணக்கில்தான். செயின் நீளமாக இருந்தால் ஒரு கண்ணியைக் கழற்றிவிடலாம். பெல்ட் குறிப்பிட்ட சில நீளங்களில்தான் வரும். ஆகவே எத்தனை பல், எந்தப் பெல்ட் என்று முடிவான பிறகே அச்சுக்கு இடையிலான தூரம் முடிவாகும். டிரெய்லர் கியர் போடவும் வழியில்லை, கியர் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இழுவை சரியா என்று பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது: வீணைத் தந்தியை மீட்டுவதுபோல பெல்ட்டைச் சுண்டினால், கைபேசி செயலி அந்தச் சுருதியைக் கேட்டுச் சொல்லிவிடும்.

பெல்ட்டில் லாபம் இல்லாமல் இல்லை. எண்ணெய் வேண்டாம், துரு பிடிக்காது, சத்தமில்லை, பேன்ட்டில் கிரீஸ் அப்பாது. நம் ஊர் மழைக்கு ஏற்றதுதான். ஆனால் முறுக்கினாலோ மடித்தாலோ உள்ளே இருக்கும் கார்பன் இழை முறியும். நடுவழியில் அறுந்தால் ஒட்டுப்போட முடியாது, அதே நீளத்தில் இன்னொன்று வரும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான். பென்னி ஃபார்த்திங் காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரின் காலுக்கு அளவெடுத்தார்கள். இப்போது அதோடு பெல்ட்டுக்கும் சேர்த்து எடுக்கிறார்கள். ஒருவருக்கென்றே செய்த பொருள் அழகாக இருக்கும், அதைப் பழுதுபார்ப்பவரும் அவருக்கென்றே இருக்க வேண்டியிருக்கும்.

வெட்டித் திறந்து, மறுபடி கோக்கக்கூடிய பெல்ட்டும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. ஃபிரேமை அறுக்கத் தேவையில்லை. நூறு ஆண்டுக்கு மேல் செயின் செய்துவந்த வேலையை பெல்ட்டும் கற்றுக்கொள்கிறது. அது முழுசாகக் கற்றுக்கொள்ளும்வரை, செயினை ஊசி தட்டிக் கோத்துத் தரும் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு வேலை இருந்துகொண்டிருக்கும்.