கடல்மல்லையில் ஒரு பகல்

மைசூரில் இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால், விடிந்த பின் சென்னை. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் பஸ் பயணம். ஒரு கோடை விடுமுறையில் இவ்வாறே குடும்பத்துடன் மாமல்லபுரம் சென்றிருந்தேன். ஊரின் பெயரே சிக்கலை விளைவித்தது.

"மாமல்லன் யாரப்பா?" என வினவினாள் மகள். முதலாம் நரசிம்மவர்ம பல்லவன்; 642-ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்றவன் என்றேன். வாதாபியாவது நம் கர்நாடகத்துப் பாதாமி. கன்னடப் பள்ளியில் பயில்பவளாதலின் அவளுக்கு வீரன் இரண்டாம் புலிகேசியே. "அப்படியானால் நாம் எந்தப் பக்கம்?" என்றாள். விடையிறுக்க இயலாது கடற்கரைக் கோயிலைச் சுட்டிக் காட்டினேன்.

அக்கோயில் மாமல்லன் கட்டியதன்று. அவன் வழிவந்த இராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது. ஐந்து ரதங்களோ முழுப்பாறைகளை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை. அவற்றில் உளி ஒரு முறை தவறினால் தவறியதுதான். கடற்கரைக் கோயிலோ வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. சிவபெருமானுக்கு இரு கருவறைகள். பெரியது கீழ்த்திசைக் கடலை நோக்கியது, சிறியது மேற்கு நோக்கியது. இரண்டிற்கும் நடுவே, இயற்கைப் பாறையிலேயே வடித்த திருமால் பள்ளிகொண்டிருக்கின்றார். சைவ வைணவப் பூசல் பேசுவோர் அவ்விடத்தில் சிறிது நேரம் நிற்றல் நலம். மதில்மேல் வரிசையாய் அமர்ந்த நந்திகளின் முகங்களை உப்புக்காற்று அரித்துவிட்டது. இப்போது கடலோரத்தில் கற்களைக் கொட்டியும் சவுக்கு வளர்த்தும் காத்து வருகின்றனர்.

மகளின் வினா மட்டும் என்னை விடவில்லை. ஊர் திரும்பி நூல்களைப் புரட்டினேன். இதே இராஜசிம்மன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலையும் எடுத்தான். பின்னர்ச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்துக் காஞ்சியைக் கைப்பற்றினான். வாதாபிக்குப் பழிவாங்க வந்தவன் கோயிலைக் கொள்ளையிடுவான் என்றன்றோ எண்ணுவோம்? அவனோ கோயிற் பொருளை இறைவனுக்கே திருப்பியளித்தான். அச்செய்தியைக் கன்னடத்தில் பொறித்த கல்வெட்டு அக்கோயில் தூணொன்றில் இன்றும் உள்ளது. அவன் தேவி லோகமகாதேவி அவ்வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய கோயிலே இன்றைய விரூபாட்சர் கோயில். அதன் அமைப்பில் காஞ்சிக் கோயிலின் சாயல் தெளிவாகத் தெரியும். மாமல்லபுரம் 1984-இலும் பட்டடக்கல் 1987-இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

இன்னொன்றும் கண்டேன். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை வாரிச் சென்றது. அங்கே வெளிப்பட்ட பாறையில் ஒரு கல்வெட்டு. அதில் திருவீழ்ச்சில் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிய குறிப்பு. மறு ஆண்டு அங்கே தொல்லியலார் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கோயிலின் அடியில் அதனினும் பழைய செங்கற் கோயிலும், கல்லாலான வேலும் கிடைத்தன. முருகன் கோயிலுக்கு வழிகாட்டிய அக்கல்வெட்டு எம்மன்னன் காலத்தது? மானியகேடத்து இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது! மானியகேடம் இன்றைய கலபுரகி மாவட்டத்து மளகேடு.

இவ்வளவையும் மகளிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டு, அடுத்த விடுமுறைக்குப் பட்டடக்கல் என்று தீர்ப்பளித்துவிட்டாள். மைசூரிலிருந்து கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டி மாறாமலே பாதாமியில் இறங்கலாம்.