குவாதலூப் தீவில் தமிழர்: பேச்சில் மறைந்து சடங்கில் எஞ்சிய மொழி

முன்னுரை

மலாயாவில் தமிழர் குடியேறிய வரலாற்றை ஆராய்வோர் மொரீசியசு, தென்னாப்பிரிக்கா, பீஜி ஆகிய நாடுகளோடு அதனை ஒப்பிடுவது வழக்கம். கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவு அவ்வொப்பீட்டில் அரிதாகவே இடம்பெறுகிறது. அத்தீவில் தமிழ் அன்றாடப் பேச்சுமொழி என்னும் நிலையை இழந்துவிட்டது. ஆயினும் கோயிற் சடங்கிலும் உணவிலும் குடும்பப் பெயர்களிலும் அது எஞ்சியுள்ளது. மறைவுக்கும் எச்சத்துக்கும் உரிய காரணங்களை மலேசியச் சூழலோடு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் குடியேற்றமும்

வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளைப் போன்று அமைந்த குவாதலூப்பைக் கொலம்பசு 1493இல் கண்டார். 1635 முதல் பிரெஞ்சுக்காரர் அங்குக் குடியேறினர். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் வளர்ந்தன. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் தோட்ட முதலாளிகள் வேற்றிடங்களில் ஆள் தேடினர். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தமையால் அவர்களின் நாட்டம் தமிழகத்தின்பால் சென்றது.

1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு குவாதலூப்பை அடைந்தது. 1861இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆள்சேர்ப்பு நடந்தது. பிற்காலத்தில் கல்கத்தாவழி வடஇந்தியரும் சென்றனர். எனினும் தமிழரே பெரும்பான்மையினர். 1889 வரை 42,000க்கும் மேற்பட்டோர் அத்தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டோர் பலர். தாயகம் மீண்டோர் சிறுபான்மையினரே. தொழிலாளர் நடத்தப்பட்ட முறைமீது எழுந்த முறையீடுகளால் பிரித்தானிய இந்திய அரசு 1888இல் இக்குடியேற்றத்தை நிறுத்தியது.

எஞ்சிய தமிழ்

இன்று இத்தீவிற்குச் செல்லும் தமிழர் முதலில் காண்பது பெயர்களையே. முத்துசாமி 'மூத்துசாமி' எனவும், இராமசாமி 'ராமசமி' எனவும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வழங்குகின்றன. பாகற்காய் 'பவோக்கா' ஆகியுள்ளது. தீவின் புகழ்பெற்ற உணவாகிய 'கொலொம்போ' குழம்பு என்னும் சொல்லின் திரிபு எனக் கருதுவோர் உளர்.

இவற்றினும் ஆழமான எச்சம் வழிபாட்டில் உள்ளது. கபெஸ்தேர்-பெல்-ஓ என்னும் ஊரிலுள்ள சாங்கிக் கோயில் இதற்குச் சான்றாகும். மாரியம்மன் 'மாலியேமின்' எனவும், மதுரை வீரன் 'மால்தேவிலேன்' எனவும் அழைக்கப்படுகின்றனர். மத்தளம், தப்பு, தாளம் ஆகியவை தம் பெயர்களை ஏறத்தாழ அப்படியே காத்துள்ளன. சடங்கில் தமிழ்ப் பாடல்களைப் பாடி முன்னின்று நடத்துபவர் 'வாத்தியாலு' எனப்படுகிறார். இது நம் வாத்தியார் என்னும் சொல்லே. கற்பிப்பவரைக் குறித்த சொல் அங்குப் பாடுபவரைக் குறிப்பதாயிற்று. பாடல்கள் செவிவழியாகவே தலைமுறைகளைக் கடந்தன. ஒலி நிலைத்தது, பொருள் பெரும்பாலும் நழுவியது.

நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டு வணங்கும் வழக்கமும் அங்கு உண்டு. நாகூர் காரைக்காலுக்கு அண்மையிலுள்ளது. அவ்விறையடியார் கடற்பயணிகளின் காவலராகப் போற்றப்படுபவர். பினாங்கு சூலியா தெருவில் அவர் பெயரால் தர்கா எழுந்தமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கிழக்கே சென்றவரும் மேற்கே சென்றவரும் ஒரே கரையின் நம்பிக்கையைச் சுமந்தனர் என்பது இதனால் புலனாகும்.

உரிமையும் மொழியும்

தீவில் பிறந்த இந்தியர் நெடுங்காலம் குடியுரிமை இன்றி வாழ்ந்தனர். அவர்களுக்காக ஆன்றி சிதம்பரம் (1863–1952) 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல் வெற்றி கண்டது, வாக்குரிமை கிட்டியது. ஆனால் அவ்வுரிமையைக் கோரும் மொழியும் நுகரும் மொழியும் பிரெஞ்சாகவே இருந்தன. பள்ளியில் பிரெஞ்சு, தோட்டத்தில் கிரியோல், திருமுழுக்கின்போது கிறித்தவப் பெயர் என்னும் சூழலில் தமிழுக்குக் கோயிற் களமே எஞ்சியது. உரிமை பெறுவதற்கு மொழியை விடுமாறு எவரும் வெளிப்படையாக ஆணையிடவில்லை. தமிழைக் கற்பிக்கும் இடம் அமையாமையே போதுமானதாயிற்று.

மலாயாவோடு ஒப்பீடு

வேறுபாட்டிற்கு முதற்காரணம் கடல்வழி. பாய்க்கப்பலில் குவாதலூப்பை அடைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அவ்வழியும் 1889உடன் அடைபட்டது. பண்டமாரானை அடுத்துள்ள கிள்ளான் துறைமுகமோ 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகமாகத் திறக்கப்பட்டது முதல் தமிழகத்தோடு இடையறாத் தொடர்பு கொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து நீராவிக்கப்பல்கள் சில நாள்களில் வந்தடைந்தன. 1910இல் ஒப்பந்தமுறை ஒழிந்தபின்னும் கங்காணி முறையில் ஆள்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை இப்போக்கு தொடர்ந்தது. ஊருக்குச் சென்று திரும்புவோரும், நூல்களும் இதழ்களும் மொழியைப் புதுப்பித்தவண்ணம் இருந்தன.

இரண்டாவது காரணம் பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. பல பள்ளிகள் கொட்டகையளவில் நின்றன. கற்பித்தோர் சிலர் கங்காணிகளோ கணக்கர்களோ ஆவர். ஆயினும் அங்குப் பிள்ளை தமிழை எழுத்தால் கற்றது. குவாதலூப்பில் வாத்தியார் சடங்கிற்குள் ஒதுங்க, மலாயாவில் அவர் கரும்பலகையின்முன் நின்றார்.

முடிவுரை

கடல்வழித் தொடர்பு இன்று மொழிக்காப்பின் கருவியன்று. தோட்டங்களும் பெரும்பாலும் கலைந்துவிட்டன. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டியே உள்ளன. கோயில்கள் பெருகியுள்ளன, தைப்பூசத்தில் மக்கள் திரள்கின்றனர். இதனைக் கொண்டே மொழி பாதுகாப்பாக உள்ளது என அமைதியடைதல் பொருந்தாது என்பதைக் குவாதலூப் உணர்த்துகிறது. பக்தியும் விழாவும் இனத்தின் அடையாளத்தை நூறாண்டுகளுக்கு மேலும் காக்கவல்லவை. மொழியின் பொருளைக் காப்பதற்குக் கற்பித்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஒன்றில் மாணவர் சேர்க்கை குறையும்போது அதனை எண்ணிக்கைச் சிக்கலாக மட்டும் கொள்ளாது, வரலாற்றுச் சிக்கலாகவும் கருதிச் செயற்படுவது தமிழாசிரியர்தம் கடமையாகும்.