தெருவை இழந்த பெண்கள்: ருஷ்ய ஜெர்மானியரின் அமெரிக்கக் குடியேற்றம்

1763-இல் அரசி இரண்டாம் கேத்தரின் விடுத்த அழைப்பை ஏற்று ஜெர்மானிய உழவர்கள் வோல்கா ஆற்றங்கரைக்கு வந்தனர். 1804-இல் முதலாம் அலெக்சாந்தர் அழைக்க, இன்னொரு சாரார் கருங்கடலை ஒட்டிய ஒடேசா பகுதியில் குடியேறினர். நிலமும் சமய உரிமையும் படைச்சேவையிலிருந்து விலக்கும் அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தன. 1871-இல் அந்தச் சலுகைகள் பறிபோயின. 1874-இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. மகன்களைப் படைக்கு அனுப்ப மனமில்லாத குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

இந்த ஆணைகளையும் அவர்கள் விளைவித்த கோதுமையையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பெண் எதை விட்டு வந்தாள் என்பதில் போதிய கவனம் செல்லவில்லை என்பது என் துணிபு. அவள் விட்டு வந்தது ஒரு தெரு. ருஷ்யாவில் ஜெர்மானியர் ஊர் என்றால் நீண்ட அகன்ற தெரு, இருபுறமும் வரிசையாக வீடுகள், நடுவில் தேவாலயம். வயல்கள் ஊருக்கு வெளியே கிடந்தன. பிரசவமோ சாவோ, அடுத்த வீட்டுக் கதவு எட்டும் தொலைவில் இருந்தது.

அமெரிக்காவின் 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் நிலத்தைக் கிட்டத்தட்ட இலவசமாகவே தந்தது. ஆனால் நிலம் கேட்டவர் அந்த நிலத்திலேயே ஐந்தாண்டு குடியிருக்க வேண்டும் என்றது. இந்த ஒரு விதி போதும், தெரு அழிந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் தன் 160 ஏக்கருக்குள் தனித்துப் போனது. கணவன் தானியம் விற்கவும் சாமான் வாங்கவும் வண்டி கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனான். அங்கே நாலு பேரைக் கண்டு பேசினான். அவள் பிள்ளைகளோடும் மாடுகளோடும் வீட்டில் இருந்தாள். கன்சாஸின் எல்லிஸ் வட்டாரத்தில் 1876-இல் குடியேறிய வோல்கா கத்தோலிக்கர்கள் போன்ற சிலர் பழைய முறைப்படி ஊர் அமைத்து, அதில் கூடி வாழ்ந்தனர். டகோடாவில் அந்த வாய்ப்பு அரிதாகவே கிட்டியது.

வடக்கு டகோடாவின் ஸ்ட்ராஸ்பர்க் ஊருக்கு அருகே குடியேறிய கிறிஸ்டியானா வெல்க்கின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. பின்னாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க்கின் தாய் அவர். 1892-இல் கணவர் லுட்விக்குடன் ஒடேசா பகுதியிலிருந்து வந்தார். முதல் குளிர்காலத்தை, கவிழ்த்துப் போட்ட வண்டியின் மேல் புல்மண் கட்டிகளை அடுக்கி அதனுள் கழித்தார்கள் என்பது குடும்பத்தார் சொல்லும் செய்தி. பனிப்புயல் நாள்கணக்கில் வீசும் சமவெளி அது. பிறகு களிமண்ணில் வைக்கோல் கலந்து மிதித்து வார்த்த சுடாத செங்கல்லால் வீடு எழுந்தது. எட்டுப் பிள்ளைகளில் ஆறாமவராக 1903-இல் லாரன்ஸ் பிறந்தார். வீட்டில் ஜெர்மன் பேச்சுதான்.

மரம் இல்லாத அந்த நிலத்தில் அடுப்புக்கு எரிபொருள் தேடுவதே பெரும்பாடு. தொழுவத்துச் சாணத்தை வைக்கோலோடு சேர்த்து மிதித்து, மண்வெட்டியால் கட்டிகளாக வெட்டி, வெயிலில் காயவைத்து அடுக்கினார்கள். குளிர்காலம் முழுதும் எரிந்தது இந்த எருக்கட்டிதான். ருஷ்யாவின் புல்வெளியில் கற்ற வித்தை டகோடாவில் உயிர்காத்தது. மருத்துவர் எட்டாத இடத்தில் கைராசிக்காரியான மூத்த பெண்ணொருத்தி மருத்துவச்சியாக இருந்தாள். செபம் சொல்லிக் கைவைத்துக் குணமாக்கும் ‘பிராவுகே’ முறையையும் பெண்கள் பேணி வந்தனர். அந்த அடுக்களையில் பிறந்த ‘கூகன்’ என்ற இனிப்பு 2000-இல் தெற்கு டகோடாவின் மாநில இனிப்பாக அறிவிக்கப்பட்டது.

நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நிலைமை தலைகீழ். அங்கே வந்த வோல்கா ஜெர்மானியர் ‘பாட்டம்ஸ்’ எனப்பட்ட தாழ்நிலப் பகுதிகளில் நெருக்கமாகக் குடியேறி, வீட்டுக்குப் பின்னால் கோடைச் சமையலறை கட்டிக்கொண்டார்கள். தெரு திரும்பக் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. ஆண்கள் ரயில்வே வேலைக்குப் போக, பெண்கள் பிறர் வீட்டுத் துணி துவைத்தனர். வசந்தம் வந்ததும் குடும்பம் குடும்பமாகச் சர்க்கரைக் கிழங்கு வயலுக்குக் கிளம்பினர். முளைகளைக் கலைத்துவிடவும் களை கொத்தவும் அறுவடையில் தழை வெட்டவும் நாள் முழுதும் குனிந்தே நிற்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு அதில் பாழாயிற்று. ஹோப் வில்லியம்ஸ் சைக்ஸ் 1935-இல் வெளியிட்ட ‘செகண்ட் ஹோயிங்’ நாவல் கொலராடோவின் இத்தகைய குடும்பம் ஒன்றின் மகளை நடுவில் வைத்துப் பேசுகிறது. இத்துறையில் முதலில் படிக்க வேண்டிய நூல் அதுவே என்பேன்.

முதல் உலகப் போர் அவர்களின் மொழியைக் குற்றமாக்கியது. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பிக்கக் கூடாது என்று நெப்ராஸ்கா 1919-இல் சட்டம் இயற்றியது. 1923-இல் உச்சநீதிமன்றம் ‘மேயர் எதிர் நெப்ராஸ்கா’ வழக்கில் அதை நீக்கியது. வேறு மொழி அறியாத தாய்மாருக்கு அந்த இடைக்காலம் எத்தனை கொடியது! அதே ஆண்டுகளில் வோல்காவில் 1921-22 பஞ்சம். டகோடாவின் யாங்க்டன் நகரில் 1874-இல் தொடங்கிய ‘டகோடா ஃப்ரையே பிரெஸ்’ இதழ் ருஷ்யாவிலிருந்து வந்த உறவினர் கடிதங்களைப் பல்லாண்டு வெளியிட்டு வந்தது. சிதறிய குடும்பங்களுக்கு அந்த இதழே தெருவாயிற்று.

நிலப் பத்திரங்களில் மணமான பெண்ணின் பெயரைத் தேடிப் பயனில்லை. கணவன் பெயரில்தான் பதிவு. பெரும்பாலும் கைம்பெண்ணும் மணமாகாத பெண்ணுமே தம் பெயரில் நிலம் கேட்க முடிந்தது. ஆகவே இவர்கள் வரலாற்றை எழுத முனைவோர் அரசு ஆவணங்களை விட்டு, கடிதங்களையும் சமையல் குறிப்புகளையும் மூதாட்டியரின் குரல் பதிவுகளையும் நாட வேண்டும். வடக்கு டகோடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் இயங்கும் ருஷ்ய ஜெர்மானியர் சேகரத்தில் அவை காத்துவைக்கப்பட்டிருக்கின்றன.