ஆடிட்டர் சிவபோகம் ஒப்படைத்த கணக்கு

சென்னையில் ‘ஆடிட்டர்’ என்பது தொழிலின் பெயர் மட்டுமன்று. டாக்டர், வக்கீல் போல ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு, காலப்போக்கில் பெயரையே விழுங்கிவிடும் சொல் அது. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ‘ஆடிட்டர் வீடு எது?’ என்று கேட்டால் போதும், தெருவே கைகாட்டும். அந்தச் சொல் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வந்து நிற்க 1930கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஆர். சிவபோகம். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர்.

சிவபோகம் தேர்வில் வென்ற கதையை ஆங்காங்கே எழுதியிருக்கிறார்கள். அவர் தலைமை ஏற்றதையும், பிறகு அதை விட்டு இறங்கியதையும் அவ்வளவாக யாரும் பேசியதில்லை. 1955 முதல் 1958 வரை, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு அவர் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தலைவராக இருந்தார். பிறகு பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தம் பேரேடுகளுக்குத் திரும்பினார். டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வீட்டுக்கொரு கணக்காளரைக் காட்டக்கூடிய நம் சமூகத்துக்கு இந்த விடைபெறலில் பார்க்க ஏதோ இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

முதலில், அன்று ஆடிட்டர் ஆவது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம், பொதுக் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அரசின் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்றது. பிரிட்டனின் குறிப்பிட்ட சில கணக்காளர் நிறுவனங்களில் உறுப்பினரானவர்களுக்கு இந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. இந்தியாவிலேயே படித்தவர்களுக்கு 1918இல் பம்பாயில் ‘ஜி.டி.ஏ.’ எனப்பட்ட அரசுக் கணக்கியல் பட்டயம் வந்தது. அதற்குத் தேர்வு மட்டும் போதாது. ஏற்கெனவே தொழிலில் இருக்கும் ஒருவரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருந்தாக வேண்டும். அதாவது, கதவு திறக்க உள்ளே இருக்கும் ஒருவர் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். 1932இல் புதிய விதிகள் வந்து, தொழிலில் இருப்போர் பெயர்களை அரசே ஒரு பதிவேட்டில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது. அதில் இடம்பெற்றவர் ‘பதிவுபெற்ற கணக்காளர்’.

சிவபோகம் 1907இல் பிறந்தார். திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் பள்ளியிலும், பிறகு கடற்கரையை ஒட்டிய ராணி மேரி கல்லூரியிலும் படித்தார். அந்தப் பள்ளிக்கு உயிர் கொடுத்தவர் சகோதரி சுப்பலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகி, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற சிறுமிகளுக்காகச் சாரதா இல்லம் தொடங்கியவர். அவருடைய நிழலில் வளர்ந்த பெண்கள் ஆசிரியர் ஆனார்கள், மருத்துவர் ஆனார்கள். சிவபோகம் தேர்ந்தெடுத்ததோ எண்களை.

அதற்கு முன்னால் சிறை வந்தது. சுதேசி இயக்கத்தில் இறங்கி, 1930களின் தொடக்கத்தில் வேலூர் சிறைக்குப் போனார். சிறையிலிருந்தபோதே கணக்கியல் படிப்பது என்று முடிவு செய்தார் என்பார்கள். வெளியே வந்து, சென்னையில் பெயர்பெற்ற ஆடிட்டரான சி. எஸ். சாஸ்திரியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். தாழ்ப்பாளை எடுத்தவர் சாஸ்திரி. 1933இல் சிவபோகம் ஜி.டி.ஏ. தேர்வில் தேறினார். வயது 26.

தேறியதோடு முடியவில்லை. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவுசெய்ய முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. அரசின் பார்வையில் அது நாணயத்தைக் காக்கும் ஏற்பாடு: குற்றவாளி கையில் கணக்கைக் கொடுக்கலாமா? ஆனால் அன்றைய சென்னையில் திருடனும் சிறை சென்றான், அந்நியத் துணிக்கடை முன்னால் மறியல் செய்தவரும் சிறை சென்றார். இருவரையும் ஒரே வரியில் எழுதுவது கணக்கெழுதும் முறையன்று. சிவபோகம் நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார். கடைசிவரை கதர்தான் உடுத்தினார், திருமணம் செய்துகொள்ளவில்லை.

இந்த ஆண்டுகளை வேறொரு நகரத்தின் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். லண்டனில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற அம்மையார் தம் சொந்த அலுவலகம் நடத்திக்கொண்டே 1891இல் இங்கிலாந்தின் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தார்கள். பால் காரணமான தடைகளை நீக்கும் சட்டம் 1919இல் வந்த பிறகு, 1920இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தேர்வெழுதித் தேறி அந்த நிறுவனத்துக்குள் வந்த முதல் பெண் எத்தல் வாட்ஸ், ஆண்டு 1924. சென்னைக்கும் லண்டனுக்கும் இடைவெளி ஒன்பதே ஆண்டு. அதிலும், லண்டன் பெண்களுக்கு எதிரே ஒரு சுவர் இருந்தது என்றால், சென்னைப் பெண்ணுக்கு எதிரே பால் ஒரு சுவர், அடிமை நாடு இன்னொரு சுவர்.

விடுதலைக்குப் பிறகு 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று நிறுவனம் பிறந்தது. அரசரின் பட்டயம் இல்லாமலே, பட்டயம் என்ற பெயரை மட்டும் அது வைத்துக்கொண்டது. புதிய நிறுவனத்துக்குச் சின்னம் வேண்டும் என்று புதுச்சேரிக்குக் கடிதம் எழுதி, ஸ்ரீ அரவிந்தரிடமிருந்து கருடச் சின்னத்தைப் பெற்றுத் தந்தவர் தென்னகத்திலிருந்து தேர்வான உறுப்பினர், சிவபோகத்தின் ஆசான் சி. எஸ். சாஸ்திரி. உலகெங்கும் பணியாற்றும் இந்தியப் பட்டயக் கணக்காளர்களின் சான்றிதழில் இன்றும் அந்தக் கருடன் இருக்கிறது. 1950 ஏப்ரலில் நிறுவனத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை 1,689. மாணவியும் ஆசானும் இப்போது ஒரே பட்டியலில் இருந்தார்கள்.

தென்னிந்திய மண்டலக் குழு 1952இல் அமைந்தது. மூன்றாண்டு கழித்து அதன் தலைவர் நாற்காலியில் சிவபோகம் அமர்ந்தார். அமைதியான காலத்தில் அவர் பொறுப்பேற்கவில்லை. 1956 ஏப்ரலில் 658 பிரிவுகள் கொண்ட புதிய கம்பெனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தணிக்கைத் தொழிலின் அடித்தளமே மாறியது. அதே ஆண்டில் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. நவம்பர் 1 அன்று தென்னாட்டின் வரைபடம் மொழிவழியாக மாற்றி எழுதப்பட்டது. மாநிலங்கள் பிரிந்தன, மண்டலக் குழு பிரியவில்லை. அவர் காலம் முடியும் தறுவாயில், ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஒரு கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு மேல் போட்ட விவகாரம் வெடித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பொதுப்பணத்துக்குக் கணக்கு சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாடே நாளிதழ்களில் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் சிவபோகம் விடைபெற்றார்.

விடைபெறும் தலைவரின் உரைக்கு எங்கும் ஒரே அச்சுதான். ஆண்டில் நடந்த கூட்டங்களின் எண்ணிக்கை, கூடிய உறுப்பினர், கட்டடத்துக்கு இடம் பார்த்த கதை, உடனிருந்தோருக்கு நன்றி, ‘என் பணியில் குறையிருந்தால் பொறுத்தருள்க’ என்ற வரி, புதிய தலைவருக்கு மாலை, பிறகு காபி. நம் ஊர்த் தமிழ்ச் சங்கங்களிலும் இதே வரிசைதான். ஆனால் கணக்காளர் தொழிலில் விடைபெறுதல் என்பது வெறும் உபசாரமன்று. அது சட்டத்தில் எழுதிவைக்கப்பட்ட ஒன்று.

ஒரு கம்பெனி தன் பழைய ஆடிட்டரை மாற்றிவிட்டு வேறொருவரை வைக்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 225ஆம் பிரிவு சொன்னது. முன்கூட்டியே சிறப்பு அறிவிப்புத் தர வேண்டும். அதன் நகல் பழைய ஆடிட்டருக்கும் போக வேண்டும். அவர் தம் தரப்பை எழுதித் தந்தால் அதைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாமற்போனால் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. தொழிலுக்குள்ளும் ஒரு விதி: பழையவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் புதியவர் அந்த இடத்தை ஏற்றால் அது தொழில்முறைத் தவறு. காரணம் எளியது. போகிறவருக்குத்தான் எந்த ஏட்டில் எது ஒளிந்திருக்கிறது என்று தெரியும். அவர் ஏன் போகிறார் என்று கேட்காமல் வருகிறவர், அறியாமலே ஒரு பொய்க்குச் சாட்சியாகிவிடலாம். சிவபோகம் தலைவராக இருந்த காலத்தில் தென்னாட்டு ஆடிட்டர்கள் படித்துப் பழகிய புதிய சட்டத்தில் இதுவும் ஒன்று.

கணக்கெழுதுகிறவர்களுக்கு ஆண்டு முடிவு பழகிப்போன விஷயம். வருமானம், சம்பளம், வாடகை, பயணச் செலவு ஆகிய கணக்குகள் எல்லாம் ஆண்டுக் கடைசியில் முடிக்கப்படும். புத்தாண்டில் அவை சுழியத்திலிருந்து தொடங்கும். சொத்தும் கடனும் மட்டும் ஐந்தொகையில் ஏறி, அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாக நிற்கும். ஒரு சங்கத் தலைவரின் காலத்தையும் இப்படிப் பார்க்கலாம். கூட்டங்கள், மாலைகள், உரைகள் எல்லாம் அந்த ஆண்டோடு முடிகிற கணக்குகள். அடுத்தவர் ஏட்டில் முதல் வரியாக என்ன ஏறுகிறது என்பதே கேள்வி.

சிவபோகம் ஏற்றிவைத்த வரி ஒரு பரிசு. 1956இல், தலைவராக இருந்தபோதே, அதை நிறுவனத்தின் மூலம் ஏற்படுத்தினார். இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் பெண்களில் சிறந்தவருக்கு அது உரியது. இந்த ‘முதல் முயற்சி’ என்ற நிபந்தனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பட்டயக் கணக்காளர் தேர்வில் இரண்டு மூன்று முறை தோற்பது மானக்கேடன்று; எழுதினவர்களுக்கு அது தெரியும். ஆண்பிள்ளை தோற்றால் அடுத்த முறை எழுதுவான். பெண் தோற்றால், அந்தக் காலத்து வீடுகளில், அடுத்த தேர்வுக்கு முன்னால் முகூர்த்த நாள் குறித்துவிடுவார்கள். முதல் முயற்சியில் தேறுகிற பெண்ணைத் தேடிப் பிடித்துப் பாராட்டுவது அவள் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லும் செய்தி. விரல்விட்டு எண்ணுமளவுக்குக்கூடப் பெண்கள் தொழிலில் இல்லாத காலத்தில் அந்தப் பரிசை வைத்தவர், இன்னும் வராதவர்களுக்காக இருக்கையைப் பிடித்து வைத்திருந்தார். 1966இல், அறுபது வயதை எட்டும் முன்பே அவர் காலமானார். பரிசு நின்றுபோகவில்லை.

இருந்தாலும் இந்தக் கணக்கு நேராகிவிட்டது என்று கையெழுத்திட முடியாது. 1,689 பேருடன் தொடங்கிய நிறுவனத்தில் இன்று ஏறத்தாழ நான்கு லட்சம் உறுப்பினர்கள். பத்துக்கு மூவர் அளவில் பெண்கள். ஆனால் 2024இல் அது தன் 75ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, அகில இந்தியத் தலைவர்கள் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. இங்கிலாந்து நிறுவனத்துக்கும் முதல் பெண் தலைவர் 1999இல்தான் வந்தார். தென்மண்டலத்தில் 1955இலேயே ஒரு பெண் தலைவராகிவிட்டார் என்று நாம் பெருமை பேசலாம். ஒருவர் நுழைந்துவிட்டால் கதவு தானாகவே திறந்து நிற்கும் என்று மட்டும் நம்ப முடியாது. சிவபோகம் அப்படி நம்பியிருந்தால் பரிசு வைத்திருக்க வேண்டியதில்லை.

நாம் வாழும் நாடுகளில் கோயில் அறக்கட்டளை, தமிழ்ப் பள்ளி, பழைய மாணவர் சங்கம் என்று கணக்கற்ற அமைப்புகளை எழுப்பியிருக்கிறோம். அவற்றில் பல உடைந்தது தலைவர் வந்தபோதன்று, போக மறுத்தபோது. சில அமைப்புகளில் போனவர் ஏட்டையும் சாவியையும் சேர்த்தே எடுத்துப்போனார். அடுத்த தலைமுறை சங்கத்துக்கு வருவதில்லை என்று வருந்துகிறோம். அவர்களுக்கென்று தொடக்க இருப்பாக எதை எழுதி வைத்தோம் என்று மூத்தவர்கள் ஒருமுறை ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

நிறுவனத்தின் பரிசுப் பட்டியலில் ‘ஆர். சிவபோகம் பரிசு’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது. அதை வாங்குகிறவர் ஜெய்ப்பூர்ப் பெண்ணாக இருக்கலாம், சூரத்துப் பெண்ணாக இருக்கலாம். அந்தப் பெயருக்குரியவர் திருவல்லிக்கேணியில் படித்தவர், வேலூரில் சிறையிருந்தவர், வழக்காடித் தொழில் செய்தவர் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தொகை அவள் பெயருக்கு வரவாகிவிடும்.