ராமேஸ்வரத்துக் குரங்குக்கும் எய்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

போன லீவுக்கு ராமேஸ்வரம் போயிருந்தோம். அக்கா பையன் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. உடனே கேட்டான்: "மாமா, எய்ட்ஸ் குரங்குலேர்ந்துதானே வந்துச்சு? இது கடிச்சா நமக்கும் வருமா?"

நான் ராமநாதபுரத்தில் பத்தாவது படிக்கும்போது எங்கள் வகுப்பிலும் இதே கேள்வி எழுந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது உட்கார்ந்து தேடினேன்.

சுருக்கமான பதில்: வராது. (ரேபிஸ் வரலாம். கடித்தால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போங்கள்.) ஏன் வராது என்பதுதான் கதை.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். அதற்கான நொதியை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். காப்பி எடுக்கும்போது இந்த நொதி நிறையத் தப்பு பண்ணும், திருத்தாது. அந்தத் தப்புகள்தான் நமக்குத் தடயம். ஆபீசில் புரோகிராமின் இரண்டு வெர்ஷன்களை ஒப்பிடுகிற மாதிரி இரண்டு வைரஸ்களை ஒப்பிட்டால், எது எதற்குச் சொந்தம், ஏறத்தாழ எப்போது பிரிந்தது என்று தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில், உலகமெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1 தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்சிகளின் வைரஸில் போய் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் வேட்டை இறைச்சி வெட்டும்போது பட்ட ரத்தம் வழியாக, மனிதனுக்கு வந்திருக்கிறது. சிம்பன்சிக்கும் அது சொந்தச் சரக்கு இல்லை. அது வேட்டையாடித் தின்ற இரண்டு வகைக் குரங்குகளின் வைரஸ்கள் கலந்து உருவானது.

நம்ம ஊர்க் குரங்கு மக்காக் இனம். ஆசிய மக்காக்குகளுக்கு வேறு ரெட்ரோவைரஸ்கள் உண்டு, ஆனால் எச்.ஐ.வி.யின் குடும்பம் காட்டில் ஆப்பிரிக்கக் குரங்குகளிடம் மட்டுமே இருக்கிறது. வட இந்தியச் செம்முகக் குரங்குகளை ஆராய்ச்சிக்காக லட்சக்கணக்கில் கப்பலேற்றினோம். 1978இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. அமெரிக்க ஆய்வகங்களில் ஆப்பிரிக்க மாங்கபே குரங்கின் வைரஸ் செம்முகக் குரங்குகளுக்குத் தொற்றியது. பல தலைமுறையாகப் பழகிய மாங்கபேக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நம் குரங்குகளோ எய்ட்ஸ் போன்ற நோய் வந்து செத்தன. 1985இல்தான் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதாவது, நம்ம குரங்கு நோயைக் கொடுக்கவில்லை, வாங்கியது.

அப்போ இந்தியாவுக்கு எப்படி வந்தது? 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறில் வைரஸ் இருந்தது. இந்தியாவில் முதலில் உறுதியானவை இவையே. பழி முழுக்க அந்தப் பெண்கள் மேல் விழுந்தது. ஆனால் இந்தியாவில் அதிகம் இருப்பது 'சி' கிளை. தெற்கு ஆப்பிரிக்காவில் பரவியதற்கு அது நெருங்கிய சொந்தம். எல்லை தாண்டிப் போய்வந்த மனிதர்களோடு வந்தது. அந்தப் பெண்கள் அதற்குத் தொடக்கம் இல்லை. அவர்களுக்கும் யாரோ கொடுத்ததுதான்.

வகுப்பில் அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால், எங்கள் தெருவில் அந்த நோயோடு செத்துப்போன லாரி டிரைவர் அண்ணனின் சாவு வீட்டுக்கு நாலு பேராவது போயிருப்போம்.