தாய்மாரிடமிருந்து சட்டத்துக்கு: ஆட்டிசக் கல்வி வளர்ந்த வழி

1989-இல் வடஆர்க்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது. ஆனால் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, பேச்சு வராத பிள்ளையைப் பெரிய மருத்துவரிடம் காட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூருக்குத்தான் பேருந்து ஏற வேண்டியிருந்தது. தமிழகத்து ஆட்டிசக் கல்வியின் வரலாற்றைச் சென்னையிலிருந்தும் எழுதலாம். வேலூரிலிருந்து தொடங்கினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பள்ளிகளுக்கும் அரசுக்கும் முன்பே இந்தக் கல்வியைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தைத் தனி நிலையாக அடையாளம் காட்டியது 1943-இல். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் பாலவிகார் தோன்றியது 1953-இல். ஆயினும் அடுத்த பல பத்தாண்டுகள் ஆட்டிசக் குழந்தைகள் இங்கே ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்ற பொதுக் கணக்கிலேயே எழுதப்பட்டனர். தனிப் பெயரில்லாததால் தனிப் பாடமுறையும் இல்லை. அதற்கென ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலுள்ள நம்பிக்கை நிலையம் வேறு வழியில் போனது. அங்கே குழந்தையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெற்றனர். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குக் குழுவாகக் கற்பிப்பது பயன் தருகிறதா என்று பால் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் சோதித்த ஆய்வு, 1999-இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வெளியானது. சிறப்பாசிரியர் இல்லாத ஊருக்குத் திரும்பிப் போகும் குடும்பத்துக்கு அந்தப் பயிற்சிதான் பள்ளிக்கூடம். என் கணிப்பில், பின்னால் வந்த பல திட்டங்களைவிட இந்த எளிய ஏற்பாடு கிராமத்து நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது.

1990-களில் வேலூருக்கு வந்தவர்களில் சோமா முகோபாத்யாயும் ஆட்டிசமுள்ள அவர் மகன் டிட்டோவும் உண்டு. டிட்டோ எழுதிய நூல் 2000-இல் பிரிட்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தாயும் மகனும் அமெரிக்கா சென்றனர். எழுத்துப் பலகையைத் தொட்டுக்காட்டித் தொடர்புகொள்ளும் சோமாவின் முறைக்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்கப் பேச்சு–மொழி–கேட்டல் சங்கம் 2018-இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. வேறெங்கும் வழி கிடைக்காத ஒரு தாய் தானே முறையை உருவாக்க நேர்ந்த சூழலையும் வரலாறு கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

இதே காலத்தில் தாய்மார் நிறுவனம் கட்டவும் தொடங்கியிருந்தனர். பெருமூளை வாதம் உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வித்யாசாகர். ஆட்டிசமுள்ள மகனின் தாயான மெர்ரி பருவா, 1991-இல் டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கினார். ஆட்டிசத்துக்கென்று தனியான ஆசிரியர் பட்டயப் படிப்பு 2003-இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. வீட்டில் கற்றதைப் பாடத்திட்டமாக்கி, பாடத்திட்டத்தைக் கொண்டு அரசிடம் வாதாடுவது என்ற பாதை இவர்களுடையது.

வாதாட வேண்டிய தேவையும் இருந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 7 குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. பாதுகாவலரை நியமிப்பதற்கு அதில் வழி இருந்தது. வேலை இடஒதுக்கீடு இல்லை. பூனம் நடராஜன் அந்த அறக்கட்டளையின் தலைவராக இருந்தபோது, 2008-இல், 1 லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இக்குழந்தைகளை அச்சட்டத்துக்குள் கொண்டுவந்ததோடு, கடும் குறைபாடுள்ளோர் வீட்டிலிருந்தே கற்கவும் இடமளித்தது. 21 குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் முழு இடம் பெற்றது.

உரிமை கைக்கு வர சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அளவுகோல் வேண்டும். செகந்திராபாத்திலுள்ள, மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலை மத்திய அரசு 2016 ஏப்ரலில் சான்றிதழுக்கென அறிவித்தது. பழகும் விதம், பேச்சு, நடத்தை, புலனுணர்வு முதலியவை பற்றி 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் 40 விழுக்காடு. சலுகைகளின் வாசற்படியும் அந்த 40 விழுக்காடுதான். 69 வாங்கிய குழந்தை வெளியே நிற்கும். பெற்றோர் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பயிற்றுவித்து மதிப்பெண் குறைந்தாலும் நிலை அதுவே: பயிற்சி பலித்த குழந்தை பயிற்சிக்கான உதவியை இழக்கக்கூடும். அளவுகோலை வடித்தவர்கள் எண்ணியது இதுவாக இருக்காது. ஆனால் மறுமதிப்பீட்டுக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் தாய் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.