நான் நடத்தாமல் விட்ட பாடம்



இன்று ஏப்ரல் 24. போன விடுமுறைக்கு வந்த என் பேரன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டு கேட்டான். இரும்புப் பட்டறைக்குள் நிற்பது போல இருந்தது. "என்னடா இரைச்சல் இது?" என்றேன். "தாத்தா, இது வரலாறு. உங்க சப்ஜெக்ட்" என்றான். முதலில் கோபம் வந்தது. விசாரித்துப் படித்த பிறகு வெட்கம்தான் வந்தது.

அது 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' என்ற அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பம். 1998 ஜூன் 30-இல் வெளிவந்தது. பெயரும் குழுவின் பெயரேதான். ரிக் ரூபின் என்ற புகழ்பெற்ற தயாரிப்பாளரின் கம்பெனியும் கொலம்பியா என்ற பெரிய இசை நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தன. இந்த வகைக்கு 'ஆல்டர்நேடிவ் மெட்டல்' என்று பெயராம். கத்தல் ஒரு நிமிடம், தாலாட்டு போல மெல்லிய குரல் ஒரு நிமிடம் என்று மாறி மாறி வருகிறது.

குழுவில் நால்வர்: செர்ஜ் டான்கியன், டேரன் மலாகியன், ஷாவோ ஒடஜியன், ஜான் டோல்மயன். நால்வருமே ஆர்மீனிய வம்சத்தினர். ஆனால் இருவர் பிறந்தது லெபனானில், ஒருவர் ஆர்மீனியாவில், ஒருவர் அமெரிக்காவில். ஓர் இனம் ஏன் இப்படிச் சிதறியது? அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1915 ஏப்ரல் 24 அன்று உதுமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள் என இருநூறு பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. பிறகு ஊர் ஊராக ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிரியப் பாலைவனம் நோக்கி நடக்க விட்டார்கள். மாண்டவர்கள் 15 லட்சம் வரை என்கிறார்கள். தப்பியவர்களில் செர்ஜின் தாத்தாவும் ஒருவர், அப்போது சிறுவன்.

அந்தப் பேரன்தான் முதல் ஆல்பத்தின் 13-ஆவது, கடைசிப் பாட்டில் இதைப் பாடினார். பாட்டை மாண்டவர்களின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். முதல் வாய்ப்பு கிடைத்த இளைஞர்கள் காதல் பாட்டு பாடிவிட்டுப் போயிருக்கலாம். துருக்கி அரசு இதை இனப்படுகொலை என்று இன்றுவரை ஏற்கவில்லை. அமெரிக்க அரசும் அப்போது அந்தச் சொல்லைத் தவிர்த்தது. ஆனால் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆர்மீனியா எங்கே இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள் காதில் 1915 போய்ச் சேர்ந்தது.

நூறாண்டு நினைவையொட்டி 2015 ஏப்ரல் 23-இல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் இலவசமாகக் கச்சேரி செய்தார்கள். 2019-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், 2021 ஏப்ரல் 24-இல் அதிபர் பைடனும் அது இனப்படுகொலைதான் என்று சொன்னார்கள். பாட்டால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். பல தலைமுறைகள் விடாமல் கேட்டார்கள், அதில் இவர்கள் குரலும் ஒன்று.

நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். சென்னை பாரிமுனை அருகே 'அரண்மனைக்காரத் தெரு' இருக்கிறதே, அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. 'ஆர்மீனியன் தெரு'தான் நம் வாயில் அப்படித் திரிந்தது. 1772-இல் கட்டிய அவர்கள் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் அச்சானதும் நம் சென்னையில்தான்.

வருடா வருடம் முதல் உலகப்போரை சரயேவோவில் தொடங்கி வெர்சேல்ஸில் முடிப்பேன். உங்களில் பலர் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறீர்கள். நடுவில் ஆர்மீனியர்களைப் பற்றி ஒரு வரி நான் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தேடிப் படித்திருக்க வேண்டியது ஆசிரியன் கடமை.

உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள், அந்தப் பாடம் வரும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி இதையும் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இரைச்சலாக ஏதாவது கேட்டால், அதட்டுவதற்கு முன் என்ன பாட்டு என்று ஒருமுறை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார்